தேருக்கு ஊரே காசு போடுது... கோடை லீவுக்கு யார் போடுவாங்க? உடுமலை மாதிரி ஊர்களின் நிதிக் கணக்கு - ஒரு விளக்கம்

திருவிழா நடத்த கோயில் நிதி, கட்டளைதாரர், நன்கொடை என நாலு பக்கமும் பணம் வருகிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், ஒரு டம்ளர் சுண்டல் ஏற்பாடு செய்ய நகராட்சியிடம் பணம் இருக்கிறதா? சட்டம் விடுமா? எவ்வளவு ஆகும்? எளிமையாகப் பார்க்கலாம்.

பங்குனி பிறந்தால் உடுமலைப்பேட்டையில் பேச்சே மாறிவிடும். நோன்பு சாட்டியாச்சா, கம்பம் எப்போ, தேர் எந்தத் தேதி என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மாரியம்மன் கோயில் தேரோட்டம் முடியும் வரை கடைவீதி, பேருந்து நிலையம், குட்டைத்திடல் ராட்டினம் என்று ஊரே விழித்திருக்கும். கோவை, பெங்களூரு என வெளியூரில் வேலை பார்ப்பவர்கள்கூட லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

தேர் நிலைக்கு வந்த கொஞ்ச நாளில் முழு ஆண்டுத் தேர்வும் முடியும், பள்ளிக்கூடம் பூட்டப்படும். அடுத்த ஐந்தாறு வாரம் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? வசதி இருந்தால் கட்டணம் வாங்கும் சம்மர் கேம்ப். தாத்தா, ஆத்தா தோட்டம் இருந்தால் அங்கே. இரண்டும் இல்லாத வீடுகளில் செல்போன், தெரு, இல்லாவிட்டால் வாய்க்கால்.

வெயில் கூடினால் இந்த இடைவெளியும் நீள்கிறது. 2023-ல் தமிழ்நாட்டில் பள்ளித் திறப்பு ஜூன் 1-ல் இருந்து தள்ளிப்போய், 6 முதல் 12-ம் வகுப்புக்கு ஜூன் 12, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று ஆனது. 2024-லும் ஜூன் 10-ல்தான் திறந்தார்கள்.

இந்த நாட்களுக்கு நகராட்சிக்கு ஏதாவது பொறுப்பு உண்டா என்பதுதான் கேள்வி.

முதலில், திருவிழாவுக்குப் பணம் எங்கிருந்து வருது?

பலரும் நினைப்பது போல நகராட்சியோ அரசோ தேர்த்திருவிழாவை நடத்துவதில்லை. அறநிலையத்துறையின் நிர்வாகத்தில் உள்ள கோயில் என்றால், 1959-ம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டப்படி கோயிலின் சொந்த நிதியில் இருந்துதான் செலவு. உண்டியல், கட்டணச் சீட்டு, கோயில் நிலம், கடை வாடகை எல்லாம் அதில் சேரும்.

அதற்கு மேல் மண்டகப்படி. ஒவ்வொரு நாள் பூஜைக்கும், வாகனத்துக்கும் ஒரு குடும்பமோ, சமூகமோ, வியாபாரிகள் சங்கமோ பொறுப்பேற்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இன்னும் நேரடி: தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று பேசி, நோட்டுப் போட்டு வசூலிப்பார்கள். ராட்டினமும் கடைகளும் போடும் திடலை ஏலம் விடுவது உண்டு. நிலம் வருவாய்த்துறை, நகராட்சி, கோயில் என யார் பேரில் இருக்கிறதோ அந்தக் கணக்குக்குப் பணம் போகும்.

நகராட்சியின் பங்கு வேறு மாதிரி. தேர் போகும் வீதியில் குழி மூடுவது, குடிநீர்த் தொட்டி, தற்காலிகக் கழிப்பறை, தெருவிளக்கு, விடிய விடியக் குப்பை அள்ளுவது. மறுநாள் காலையில் வீதி சுத்தமாக இருக்கிறது என்றால், அதன் பின்னால் தூய்மைப் பணியாளர்களின் ஒரு முழு இரவு இருக்கிறது. இந்தச் செலவு பெரும்பாலும் சுகாதாரம், குடிநீர், மின்விளக்கு என்று அந்தந்தப் பிரிவின் வழக்கமான கணக்கில் கரைந்துவிடும். அதனால் ஒரு திருவிழாவுக்கு ஊர் மொத்தமாக எவ்வளவு செலவு செய்கிறது என்பதை ஒரே தாளில் பார்ப்பது கஷ்டம்.

நகராட்சி வரிப்பணத்தில் கோயில் விழாவுக்குச் செலவு செய்யலாமா?

அரசியல் சாசனத்தின் 27-வது பிரிவு இதைத் தொடுகிறது. ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. ஹஜ் மானியம் தொடர்பான பிரபுல் கொராடியா வழக்கில், 2011-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு அளவுகோல் சொன்னது: வசூலாகும் வரியில் கணிசமான பகுதி ஒரு மதத்துக்காகச் செலவானால்தான் 27-வது பிரிவு மீறப்பட்டதாகும்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? கூட்டத்துக்குத் தண்ணீர், கழிப்பறை, வெளிச்சம் தருவது நகராட்சியின் பொதுக் கடமை. மாரியம்மன் தேர், சந்தனக்கூடு, தேவாலயத் தேர்பவனி எதுவானாலும் அது பொருந்தும். பூஜைச் செலவு அந்தந்த வழிபாட்டுத் தலத்துடையது. உள்ளாட்சிக் கணக்குகளை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கும். எந்த அதிகாரத்தில், எந்தத் தீர்மானத்தில் செலவு செய்தீர்கள் என்று அங்கே கேள்வி வரும். அதனால்தான் 'விழா' என்ற சொல்லைப் பார்த்தாலே அதிகாரிகள் கொஞ்சம் தயங்குவார்கள்.

கோடைப் பயிற்சி முகாமுக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. அதில் மதம் இல்லை, தேர்தல் இல்லை, கட்அவுட்டும் தேவையில்லை.

சரி, கோடைக்கு இப்போ என்னதான் இருக்கு?

தமிழ்நாட்டில் 'கோடை விழா' என்றதும் நினைவுக்கு வருவது ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு. ஊட்டி மலர்க் கண்காட்சி 1896-ல் தொடங்கியது. பக்கத்திலேயே பொள்ளாச்சியில் 2015-ல் இருந்து பலூன் திருவிழா. இவை எல்லாம் சுற்றுலாவுக்கானவை. வெளியூர் ஆட்கள் வந்து பணம் செலவழிப்பார்கள் என்ற கணக்கில் அரசு முதலீடு செய்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் உள்ளூரில், கூரை வீட்டில், 38 டிகிரியில் உட்கார்ந்திருக்கும் 12 வயதுப் பையனுக்கு அதில் எதுவும் இல்லை.

அவனுக்காக இருப்பவை மூன்று.

ஒன்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைகாலப் பயிற்சி முகாம். இது பெரும்பாலும் மாவட்டத் தலைநகர் விளையாட்டு அரங்கில் நடக்கும். உடுமலையில் இருந்து திருப்பூர் சுமார் 60 கிலோமீட்டர். காலை 6 மணிப் பயிற்சிக்குத் தினமும் போய் வர முடியுமா?

இரண்டு, கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள். 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் சொல்லித் தருவார்கள். எல்லா ஊரிலும் கிடையாது.

மூன்று, கிளை நூலகங்கள். இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு: நீங்கள் கட்டும் சொத்து வரியோடு சேர்த்து, வரியில் 10 சதவீதம் நூலக வரியாகவும் வசூலிக்கப்படுகிறது. நகராட்சி அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதாவது, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு இடத்துக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

கிராம ஊராட்சிகளுக்கு 2024 பிப்ரவரியில் 33 வகைப் பொருட்கள் கொண்ட 'கலைஞர் விளையாட்டு உபகரணங்கள்' வழங்கும் திட்டம் தொடங்கியது. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டு அரங்கம் என்ற அறிவிப்பும் உண்டு. இரண்டிலும் ஒரே சாயல் தெரியும். பொருள் வாங்கப் பணம் கிடைக்கிறது, கட்டடம் கட்டப் பணம் கிடைக்கிறது. எம்.எல்.ஏ, எம்.பி தொகுதி நிதியும் நிலையான சொத்து உருவாக்கத்தான். அந்த மைதானத்தில் தினமும் காலை நின்று விசில் ஊதும் ஆளுக்குச் சம்பளம் தரத்தான் தலைப்பு இல்லை.

விளையாடுறதுக்கு எதுக்குங்க இவ்வளவு பேச்சு?

நியாயமான கேள்வி. இதை வெறும் பொழுதுபோக்காகப் பார்த்தால் பேச்சு தேவையில்லை. ஆனால் விடுமுறையில் மூன்று விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன.

தண்ணீர்: உடுமலையைச் சுற்றி திருமூர்த்தி அணை, அமராவதி அணை, பி.ஏ.பி வாய்க்கால், தோட்டத்துக் கிணறுகள். வாய்க்காலில் தண்ணீர் போகும் நாட்களில், சிமென்ட் பூசிய சரிவில் இறங்குவது சுலபம், ஏறுவது கஷ்டம். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 38,000 பேர் நீரில் மூழ்கி இறப்பதாக, மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்ட தடுப்புத் திட்ட ஆவணம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் தடுப்பு வழிகளில், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான நீச்சலைக் கற்றுத்தருவதும், சிறு குழந்தைகளைப் பெரியவர்கள் கண்காணிப்பில் வைத்திருப்பதும் முக்கியமானவை. 'குளிக்காதீர்' என்று போர்டு வைப்பதோடு வேலை முடிவதில்லை.

வேலை: இது மில், கோழிப்பண்ணை, தென்னை நார், பனியன் எனத் தொழில் நிறைந்த வட்டாரம். லீவில் கைச்செலவுக்கு வேலைக்குப் போவது இங்கே புதிதல்ல. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் தருகிறது. அந்தக் கதவு வழியாகத்தான் சிக்கல் நுழைகிறது. 'சித்தப்பா கம்பெனி' எதுவரை குடும்பத் தொழில்? ஜூனில் திரும்பி வராத பிள்ளையின் பெயர் இடைநிற்றல் பட்டியலில் ஏறும்போதுதான் விஷயம் வெளியே தெரியும்.

சாப்பாடு: சத்துணவும், 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் பள்ளி நடக்கும் நாட்களுக்கானவை. லீவு விட்டால் அடுப்பும் அணையும். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டது. பசிக்கு விடுமுறை கிடையாது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்றுதான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றிலும் பாதிக்கப்படுவது ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள்: அம்மா, அப்பா இரண்டு பேரும் ஷிஃப்ட்டுக்குப் போய்விடும் வீடு.

சட்டம் இடம் தருதா?

தருகிறது. 74-வது அரசியல் சாசனத் திருத்தம் 1993 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது. அதில் சேர்ந்த 12-வது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கான 18 பணிகள் இருக்கின்றன. 12-வது பணி, பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் போன்ற வசதிகள். 13-வது பணி, பண்பாடு, கல்வி, அழகியல் சார்ந்தவற்றை ஊக்குவிப்பது. கோடை முகாமும், தேவராட்டமும் ஒயிலாட்டமும் மேடையேறும் ஊர்ப் பொதுவிழாவும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

ஆனால் அட்டவணை என்பது 'செய்யலாம்' என்ற பட்டியல். எந்தெந்த அதிகாரத்தைக் கையில் கொடுப்பது என்பதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கும். தமிழ்நாட்டில் அது 1998-ம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். பல வருடம் கிடப்பில் இருந்து, விதிகளோடு 2023 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. தண்ணீர் விடாமல் இருந்தால் மக்கள் குடத்தோடு வருவார்கள், அதிகாரி பதில் சொல்ல வேண்டும். கோடை முகாம் நடத்தாவிட்டால்? யாரும் வரமாட்டார்கள். இது சட்டத் தடையால் நின்றுபோன விஷயம் இல்லை, கேட்க ஆள் இல்லாமல் நின்றுபோனது.

பணம் எந்தப் பையில இருக்கு?

தமிழ்நாட்டு நகராட்சிகளின் பட்ஜெட்டில் பொதுவாக மூன்று கணக்குகள் இருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. இவற்றுக்குள் வரும் பணத்தில் நமக்குத் தேவையானவை நான்கு.

சொந்த வருவாய்: சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, பேருந்து நிலையம், சந்தை வசூல். 2022-ல் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் மன்றத்துக்கு ஓரளவு சுதந்திரம் உண்டு. சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், கடன் போனால் மிச்சம் குறைவு.

மாநில நிதிக்குழு மானியம்: மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. நகராட்சியின் அன்றாட ஓட்டத்துக்கு இது பெரிய பலம்.

மத்திய நிதிக்குழு மானியம்: 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு, 10 லட்சத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கான பணத்தை மூன்றாகப் பிரித்தது. 30 சதவீதம் குடிநீருக்கு, 30 சதவீதம் சுகாதாரம், குப்பை மேலாண்மைக்கு. மீதி 40 சதவீதம் கட்டுப்பாடு இல்லாதது. அதை 12-வது அட்டவணையின் 18 பணிகளில் ஊருக்குத் தேவையான எதற்கும் செலவிடலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் கூடாது. 2026-27 முதல் 16-வது நிதிக்குழுவின் காலம். அதன் விதிகளை உங்கள் நகராட்சி எப்படிப் படிக்கிறது என்பதை இப்போதே கேட்பது நல்லது.

கேளிக்கை வரி: 2017-ம் ஆண்டுச் சட்டப்படி சினிமா டிக்கெட்டில் வசூலாகும் கேளிக்கை வரி உள்ளாட்சிக்குச் சேர வேண்டியது. ஊரின் பொழுதுபோக்கில் இருந்து வரும் பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒதுக்கினால் கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? அப்படி ஒரு மன்றத் தீர்மானத்துக்கு ஊரில் எதிர்ப்பு வரும் என்று தோன்றவில்லை.

வெளியே இருந்து நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் உண்டு. 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 7-வது அட்டவணையில் விளையாட்டுப் பயிற்சியும், கலை, பண்பாடும் இருக்கின்றன. 2008-ல் தொடங்கிய 'கோயம்புத்தூர் விழா' இப்படி நிறுவனங்களும் அமைப்புகளும் சேர்ந்து நடத்துவதுதான். பெரிய நகரத்தில் ஸ்பான்சர் கிடைப்பார்கள். உடுமலை, தாராபுரம், மடத்துக்குளம் அளவுக்கு வரும்போது வரிசை சுருங்கிவிடும். அதனால் இதை அடிப்படை நிதியாக நம்ப முடியாது, மேலதிகமாக வந்தால் சரி.

எவ்வளவுதான் ஆகும்? ஒரு மாதிரிக் கணக்கு

கீழே இருப்பது உத்தேசக் கணக்கு. விலைகளை நாங்களே அனுமானித்துப் போட்டிருக்கிறோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

நகரில் 4 இடங்கள். இடத்துக்கு 50 பிள்ளைகள், ஆக 200 பேர். 30 நாட்கள். வெயிலுக்கு முன் காலை 6 முதல் 8.30 வரை.

- பயிற்சியாளர்கள்: இடத்துக்கு 2 பேர், நாளுக்கு 700 ரூபாய் மதிப்பூதியம் - 1,68,000 ரூபாய்
- சுண்டல், பால் அல்லது கடலை மிட்டாய்: பிள்ளைக்கு நாளுக்கு 20 ரூபாய் - 1,20,000 ரூபாய்
- பந்து, வலை, கேரம், ஓவியப் பொருட்கள் - 60,000 ரூபாய்
- குடிநீர், முதலுதவி, காப்பீடு, இதரச் செலவு - 52,000 ரூபாய்

மொத்தம் 4 லட்சம் ரூபாய். ஒரு பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய். 2011 கணக்கெடுப்புப்படி உடுமலை நகராட்சியின் மக்கள்தொகை 61,133. தலைக்கு ஆறரை ரூபாய் வருகிறது. டீக்கடையில் அரை டீ.

இடத்துக்கு வாடகை போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம், இடம் இருக்கிறது. நகராட்சிப் பள்ளிகளின் மைதானமும் வகுப்பறையும் லீவு முழுக்கப் பூட்டித்தான் கிடக்கின்றன. குழாய், கழிப்பறை, சில இடங்களில் சமையற்கூடமும் உண்டு. சாவியைக் கொடுக்க ஒரு உத்தரவும், பாதுகாப்புக்கு ஒரு ஆளும் வேண்டும். கலை வகுப்புக்கு வெளியூரில் இருந்து ஆள் கூட்டிவர வேண்டியதும் இல்லை. மார்கழியிலும் தை பிறந்த பிறகும் கிராமத்துச் சாவடிகளில் தேவராட்டம், சலங்கையாட்டம் ஆடும் பெரியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். கொங்கு மண்ணின் வள்ளி ஒயில் கும்மியைச் சொல்லித்தந்த ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கற்றுத்தர ஆள் இருக்கும்போதே கற்றுக்கொள்ளப் பிள்ளைகளை அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

வேற எங்கயாவது இப்படிச் செய்றாங்களா?

மலை ஏறி இறங்கினால் கேரளா. அங்கே 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கத்தின்போது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளின் கைக்குப் போனது. கேரளோத்ஸவம் என்ற கலை, விளையாட்டு விழா கிராமப் பஞ்சாயத்து அளவிலேயே தொடங்கி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகிறது. இளைஞர் நல வாரியமும் உள்ளாட்சிகளும் சேர்ந்து நடத்துகின்றன. ஊராட்சிக்கு விழா நடத்துவது அங்கே தனிப்பட்ட ஆர்வம் அல்ல, வருடாந்திர வேலை.

ஐஸ்லாந்தில் 1998-ல், 15-16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையானதாகச் சொன்னார்கள். 2016-ல் அது 5 சதவீதம். பெற்றோர் பங்கேற்பு, இரவு நேரக் கட்டுப்பாடு எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, தலைநகர் ரெய்க்யவிக் பிள்ளைகளின் விளையாட்டு, இசை வகுப்புக் கட்டணத்துக்காக ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுதோறும் தரும் உதவித்தொகை.

இங்கிலாந்தில் 2021 முதல் நாடு முழுக்க விடுமுறை முகாமும் உணவும் சேர்த்து ஒரு திட்டம். பள்ளியில் இலவச உணவு பெறும் பிள்ளைகளுக்காக, மத்திய அரசு பணம் தர, உள்ளூர் கவுன்சில்கள் நடத்துகின்றன. விளையாட்டையும் சாப்பாட்டையும் ஒன்றாக வைத்ததுதான் அதில் நாம் கவனிக்க வேண்டியது. சத்துணவு கண்ட தமிழ்நாட்டுக்கு அது புரியாத விஷயமா என்ன?

"சாக்கடையே சரியா இல்ல, இதுல கேம்ப் ஒரு கேடா?"

இந்த எதிர்ப்பு வரும், வரவும் வேண்டும். குடிநீர், குப்பை, பாதாளச் சாக்கடைதான் நகராட்சியின் முதல் வேலை. ஆனால் மேலே பார்த்தபடி அவற்றுக்கான மானியம் தனியாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. முகாமுக்குக் கொடுத்தால் அந்தப் பணம் குறையாது. மேலும், 4 லட்சத்தில் ஒரு தெருவின் சாக்கடைகூட முழுசாக முடியாது என்பது ஒப்பந்தப்புள்ளி பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பயம் இதைவிட நியாயமானது: பணம் ஒதுக்கினால் கட்சிக்காரர் ஆட்களுக்கே பயிற்சியாளர் வேலை போகும், துவக்க விழா மேடைக்கே பாதிப் பணம் கரையும். இதைத் தடுக்க வழி உண்டு. பிள்ளைகளின் வருகைப் பதிவை நகராட்சி அலுவலகத்தில் ஒட்டுவது, மேடை, பேனருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதுவது, பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரைக் கண்காணிப்பில் சேர்ப்பது. பெண் பிள்ளைகள் வர வேண்டும் என்றால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெண் பயிற்சியாளர் கட்டாயம். இது இல்லாவிட்டால் 'எல்லோருக்குமான முகாம்' இரண்டாம் நாளே கிரிக்கெட் ஆடும் பையன்களின் முகாம் ஆகிவிடும்.

மூன்றாவது பயம், வெயில். அதனால்தான் காலை 8.30-க்கு முடிவு. வெயில் ஏறிய பிறகு வெட்டவெளியில் பிள்ளைகளை ஓடவிடும் எந்த முகாமும் வேண்டாம். அந்த நேரத்துக்கு நூலகமும் வகுப்பறையும் போதும்.

நீங்க என்ன செய்யலாம்?

நகராட்சி பட்ஜெட் மார்ச் 31-க்குள் நிறைவேற வேண்டும். ஏப்ரலில் போய்க் கேட்டால், "இந்த வருஷம் தலைப்பு இல்லீங்க" என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கும். கேட்க வேண்டிய மாதம் டிசம்பர், ஜனவரி.

- உங்கள் வார்டின் பகுதி சபாவில் பேசுங்கள். இதற்கான விதிகள் 2022-ல் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள்.
- கவுன்சிலரிடம் 'ஏதாவது செய்யுங்க' என்று கேட்காதீர்கள். 'மே மாதம், இந்தப் பள்ளி மைதானம், 50 பிள்ளைகள், இவ்வளவு ரூபாய்' என்று கேளுங்கள்.
- தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மூன்று கேள்வி போதும். பூங்கா, மைதானத்துக்குக் கடந்த 3 ஆண்டில் எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவு? கேளிக்கை வரி எவ்வளவு வந்தது? நூலக வரியில் நிலுவை எவ்வளவு? 30 நாளில் பதில் வர வேண்டும்.
- திருவிழாக் குழுவில் இருப்பவர்களிடமும் பேசலாம். மண்டகப்படி எடுக்கும் சங்கங்களும் குடும்பங்களும் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாரச் சுண்டலை ஏற்றுக்கொள்வது நடக்காத காரியம் இல்லை. தேர்வடம் பிடிக்கச் சேரும் அதே கைகள்தானே.

உடுமலையில் தேர் ஓடுவதற்கு நோன்பு சாட்டுவதில் இருந்து மஞ்சள் நீராட்டு வரை எந்த நாள் யார் பொறுப்பு என்பது எழுதாத சட்டமாக எல்லோருக்கும் தெரியும். மே மாதக் காலை 6 மணிக்குப் பள்ளிக்கூட கேட்டைத் திறப்பது யார் பொறுப்பு என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அடுத்த பட்ஜெட்டில் ஒரு வரி எழுதினால் தெரிந்துவிடும்.